குயில்ட் தைக்கப் புதிய இயந்திரம் வாங்க வேண்டுமா?

மேல்துணி, அடித்துணி, இரண்டுக்கும் நடுவே ஒரு பஞ்சுப் படலம் ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்தால் அது குயில்ட். அதைத் தைக்கத் தொடங்கிய பலருக்கும், வீட்டிலிருக்கும் நேர்த்தையல் இயந்திரம் இந்த வேலைக்குத் தாங்காது என்ற எண்ணம் விரைவிலேயே வந்துவிடுகிறது. கடையில் முதலில் காட்டப்படுபவை நூற்றுக்கணக்கான தையல் வடிவங்களும் தொடுதிரையும்; குயில்ட்டுக்கோ பெரும்பாலும் நேர்த்தையல் ஒன்றே போதும். எனவே, பணம் கட்டுவதற்கு முன், நம் இயந்திரத்தின் எந்தக் குறை ஊசியையோ, துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டையோ மாற்றினால் தீரும், எந்தக் குறை அதன் உடலமைப்பிலேயே இருக்கிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

முதலில் தையல் விட்டுப்போவதைப் பார்ப்போம். ஊசி அடிமட்டம் வரை இறங்கி, ஏறத்தாழ 2 மி.மீ. மேலே எழும்போது, துணியோடு உரசி நிற்கும் மேல்நூல் ஊசியின் பின்புறம் ஒரு சிறு வளையமாகப் புடைக்கிறது; அந்த வளையத்தை ஊசிக்குக் கீழே இயங்கும் ஷட்டிலின் கூர்முனை பிடித்து, அடிநூல் உருளையான பாபினைச் சுற்றிக் கொண்டுபோவதால்தான் மேல்நூலும் அடிநூலும் பின்னிக்கொள்கின்றன. மென்மையான பஞ்சு நடுவில் இருந்தால் ஊசி எழும்போது துணியும் கூடவே எழும்புகிறது; அப்போது வளையம் சரியாக விழுவதில்லை. மெல்லிய ஊசி கனமான அடுக்கில் சற்று வளைந்தாலும் கூர்முனை வளையத்தைத் தவறவிடும். 80/12 ஊசிக்குப் பதிலாக 0.9 மி.மீ. தடிமனுள்ள 90/14 ஊசியைப் போட்டு, ஃபுட்டின் அழுத்தத்தைச் சரிசெய்தாலே இந்தத் தொல்லை பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கும் அடங்காவிட்டால், ஊசியும் ஷட்டிலும் சந்திக்கும் நேரத்தை ஒரு மெக்கானிக் சரிசெய்து தருவார். இந்தக் காரணத்துக்காகப் புதிய இயந்திரம் வாங்குவது வீண்செலவு என்பது என் உறுதியான கருத்து.

துணி நகரும் முறையில் உள்ள சிக்கல் இதைவிட ஆழமானது. 1846ஆம் ஆண்டு அமெரிக்கரான எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரத்தில் துணி ஒரு தகட்டின் முட்களில் தொங்கியது. தகட்டின் நீளம் தைத்து முடிந்ததும் நிறுத்தி, துணியை மறுபடி மாட்ட வேண்டும். இன்னொரு அமெரிக்கரான ஆலன் வில்சன் 1854இல் காப்புரிமை பெற்ற அமைப்பில்தான் அடியிலுள்ள பற்கள் எழுந்து, துணியைத் தள்ளி, இறங்கி, பழைய இடத்துக்குத் திரும்பும் நான்கு அசைவுகள் வந்தன. இன்றும் அதே முறைதான். ஆனால் பற்கள் தொடுவது அடித்துணியை மட்டுமே. மேல்துணியோ ஃபுட்டின் உராய்வில் பின்தங்குகிறது, நடுவிலுள்ள பஞ்சு இந்த வேறுபாட்டுக்கு இடம்கொடுத்துச் சரிகிறது. ஒரு தையலின் நீளம் 2.5 மி.மீ. எனில் ஒரு மீட்டருக்கு 400 தையல்கள். ஒவ்வொன்றிலும் மேல்துணி 0.1 மி.மீ. பின்தங்கினால் மீட்டர் முடிவில் 4 செ.மீ. துணி மிஞ்சி, மடிப்பாகவும் சுருக்கமாகவும் விழும். வாக்கிங் ஃபுட் எனப்படும் துணைக்கருவி இதற்கு நல்ல மருந்து. ஊசித் திருகின் மேல் அமரும் அதன் நெம்புகோல், ஊசியின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு மேலேயும் ஒரு வரிசைப் பற்களை நகர்த்துவதால், மேல்துணியும் அடித்துணியும் ஒரே அளவில் நகர்கின்றன. ஃபுட் மாட்டும் தண்டின் உயரத்துக்குப் பொருந்துவதாகப் பார்த்து வாங்கினால் பழைய இயந்திரங்கள் பலவற்றிலும் இதைப் பொருத்தலாம்.

எதை மாற்றியும் தீராத குறை ஒன்று உண்டு. ஊசிக்கும் வலப்புறத் தூணுக்கும் இடையிலுள்ள தூரம், அதாவது த்ரோட் ஸ்பேஸ், இயந்திரத்தை வார்க்கும்போதே முடிவாகிவிடுகிறது. சாதாரண வீட்டு இயந்திரத்தில் அது சுமார் 6.5 அங்குலம், அதாவது 16.5 செ.மீ. 90 அங்குல அகலமுள்ள குயில்ட்டின் நடுக்கோட்டைத் தைக்கும்போது 45 அங்குலத் துணியைப் பாயைப் போலச் சுருட்டி அந்த இடைவெளிக்குள் வைக்க வேண்டும். மூன்று அடுக்கும் சேர்ந்து 5 மி.மீ. தடிமன் என்றால், எவ்வளவு இறுக்கிச் சுருட்டினாலும் சுருளின் விட்டம் சுமார் 8.5 செ.மீ.; 10 மி.மீ. தடிமன் என்றால் சுமார் 12 செ.மீ. அப்படியானால் கை அசைய மிஞ்சுவது முதல் வகையில் 8 செ.மீ., இரண்டாவதில் வெறும் 4.5 செ.மீ. குயில்ட்டுக்கென்றே வரும் 11 அங்குல இயந்திரத்தில் இதே தடித்த சுருளுக்குப் பக்கத்தில் 16 செ.மீ. மிஞ்சும். இடைவெளி இரண்டு மடங்குகூட ஆகவில்லை, ஆனால் வேலை செய்யும் இடம் மூன்றரை மடங்காகிவிட்டது. அடிக்கடி இரட்டைக் கட்டில் அளவில் தைப்பவருக்குப் புதிய இயந்திரம் வாங்க இதைவிட வலுவான காரணம் இல்லை. தொட்டில் போர்வை தைப்பவருக்கும், வங்காளத்துக் காந்தாவைப் போலப் பஞ்சில்லாமல் பழம்புடவைகளை மட்டும் அடுக்கித் தைப்பவருக்கும் இந்தச் செலவு தேவையில்லை. பெரிய குயில்ட்டைக்கூடத் தனித்தனிக் கட்டங்களாகத் தைத்துக் கடைசியில் இணைக்கும் முறை இருக்கிறது. இணைப்பு வேலை கூடும், ஆனால் சுருளே வராது.

பூவும் கொடியுமாகக் கையால் துணியை நகர்த்தித் தைக்கும் ஃப்ரீ மோஷன் வேலையில் பற்களுக்குப் பங்கில்லை. அவற்றை இறக்கிவிட வேண்டும், இறக்க முடியாத இயந்திரங்களில் ஒரு தகட்டால் மூடலாம். அப்போது தையலின் நீளத்தை நிர்ணயிப்பது கையின் வேகம்: ஊசி நிமிடத்துக்கு 600 முறை குத்தினால், கை வினாடிக்கு 25 மி.மீ. நகர்ந்தால்தான் 2.5 மி.மீ. தையல் விழும். துணியின் வேகத்தை ஒளி உணரியால் கண்டு ஊசியின் வேகத்தை அதற்கேற்ப மாற்றும் வசதி சில விலையுயர்ந்த இயந்திரங்களில் உண்டு. அருமையான வசதிதான், ஆனாலும் பயிற்சியால் வரக்கூடிய ஒன்றுக்கு அவ்வளவு விலை தரலாமா என்பதை அவரவர் தைக்கும் அளவை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

மோட்டாரின் வாட் எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். கனமான மடிப்பை மெதுவாகத் தைக்கும்போது ஊசி நிற்காமல் குத்துகிறதா என்பதே முக்கியம். வேகம் குறைவதை உணர்ந்து மின்சாரத்தைக் கூட்டிக்கொடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு உள்ளவை இதில் தேறுகின்றன.

கடைக்குப் போகும்போது, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் துணியும் பஞ்சும் சேர்ந்த ஒரு மீட்டர் நீளத் துண்டை, மூன்று அடுக்கும் ஒரே அளவாக வெட்டி எடுத்துச் செல்லுங்கள். குண்டூசி எதுவும் குத்தாமல் நடுவில் ஒரே கோடாகத் தைத்து, கடைசி விளிம்பில் மேல்துணி எவ்வளவு நீண்டு நிற்கிறது என்று அளந்து பாருங்கள். அதே அளவில் இன்னொரு துண்டை, வாக்கிங் ஃபுட் மாட்டிய உங்கள் பழைய இயந்திரத்திலும் தைத்து அளந்துவிட்டு, அதன் பிறகு விலை பேசுங்கள்.