கோடும் எண்ணும் சேர்ந்த ஒளி ஸ்கேல்

ஒளி ஒரு நானோவினாடியில் போகும் தூரம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர், அதாவது பள்ளிக்கூடத்து ஸ்கேல் நீளம். லேசர் துடிப்பு ஒன்றை அனுப்பி, அது எதிரொளித்துத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால் தூரம் கிடைத்துவிடும். 1969இல் அப்போலோ 11 வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பான் மீது லேசர் அடித்து நிலவின் தூரத்தை அளப்பதும் இப்படித்தான். ஆனால் ஒரு மைக்ரோமீட்டர் வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் சுமார் 7 ஃபெம்டோவினாடி (ஃபெம்டோவினாடி என்பது நானோவினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வித்தியாசத்தை உணர வேண்டும், அவ்வளவு வேகமான மின்னணுக் கடிகாரம் கிடையாது.

இன்னொரு வழி, ஒளி அலைகளின் குறுக்கீடு. 1.55 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள லேசரைப் பயன்படுத்தினால், கண்ணாடி அரை அலைநீளம் நகரும்போதெல்லாம் வெளிச்சம் ஒருமுறை கூடிக் குறையும், அதை வைத்து நானோமீட்டர் அளவு அசைவைக்கூடச் சொல்லிவிடலாம். சிக்கல் என்னவென்றால் அதற்கு அசைவு மட்டும்தான் தெரியும். நடுவில் யாராவது கையை நீட்டிக் கதிரை மறைத்தால் எண்ணிக்கை போச்சு, மறுபடி முதலிலிருந்து. மிக நெருக்கமாகக் கோடு போட்டு, எண்களே எழுதாமல் விட்ட ஸ்கேல் மாதிரி. முதல் வழியிலோ எண் இருக்கிறது, கோடுதான் தடிமன்.

இரண்டையும் ஒரே ஒளியில் சேர்த்துக் கொடுப்பதுதான் அதிர்வெண் சீப்பு. இதற்கான லேசர், நூறு ஃபெம்டோவினாடிக்கும் குறைவான துடிப்புகளைச் சீரான இடைவெளியில் விட்டுக்கொண்டே இருக்கும். வினாடிக்கு 10 கோடி துடிப்பு என்றால் 10 நானோவினாடிக்கு ஒன்று, ஆக ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே 3 மீட்டர். இதே ஒளியை நிறம் பிரித்துப் பார்த்தால், 100 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாக நிற்கும் மெல்லிய கோடுகள், சீப்பின் பற்கள் போல. அந்தப் பற்களை அணுக் கடிகாரத்தோடு பூட்டிவைக்க முடியும். இந்த நுட்பத்துக்குப் பெரும் பங்களித்த தியோடர் ஹென்ஷும் ஜான் ஹாலும் 2005இல் இயற்பியல் நோபல் பரிசின் பாதியைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சரி, இவ்வளவு குட்டித் துடிப்பு திரும்பி வரும் நேரத்தை எப்படிப் படிப்பது? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமே இதுதான். இரண்டாவதாக இன்னொரு சீப்பு லேசரை வைக்கிறார்கள், அதன் துடிப்பு வேகத்தை வெறும் 5 கிலோஹெர்ட்ஸ் மட்டும் மாற்றி. செல்போன் வீடியோவில் மின்விசிறி மெதுவாகச் சுற்றுவது போலத் தெரியும் அல்லவா? அதே கதைதான். ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டாவது லேசர் அரை பிக்கோவினாடி (பிக்கோவினாடி என்பது ஆயிரம் ஃபெம்டோவினாடி) தள்ளித் தள்ளி வருவதால், திரும்பி வந்த ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துழாவிக்கொண்டே போகிறது, கடைசியில் எல்லாம் 20,000 மடங்கு மெதுவாகிச் சாதாரண மின்னணுக் கருவிக்கே எட்டிவிடுகிறது. துடிப்பு வந்த நேரம் எண்ணைத் தருகிறது, துடிப்புக்குள் இருக்கும் அலை மெல்லிய கோட்டைத் தருகிறது.

அமெரிக்காவில் போல்டரில் உள்ள தேசியத் தர நிர்ணய ஆய்வகத்தில் 2009இல் இதைச் செய்து காட்டினார்கள். 200 மைக்ரோவினாடியில் 3 மைக்ரோமீட்டர் துல்லியம், 60 மில்லிவினாடி பொறுத்தால் 5 நானோமீட்டர். எல்லாத் துடிப்பும் ஒரே மாதிரி இருப்பதால், 1.5 மீட்டருக்கு (போய்த் திரும்ப 3 மீட்டர்) ஒருமுறை அளவு திரும்ப முதலிலிருந்து தொடங்கும், எந்தத் துடிப்பு வந்தது என்று தெரியாது. அதற்கும் வழி உண்டு: இரண்டு லேசர்களின் வேலையை மாற்றிக்கொடுத்து மறுபடி அளந்தால், வெர்னியர் அளவியில் இரண்டு அளவுகோல்களை ஒப்பிடுவது போல, 30 கிலோமீட்டர் வரை குழப்பமில்லாமல் சொல்லலாம்.

உண்மையான எதிரி காற்றுதான். வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாலே காற்றில் ஒளியின் வேகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறும், ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் பிழை! அதனால்தான் காற்றே இல்லாத விண்வெளியில், சேர்ந்து பறக்கும் செயற்கைக்கோள்களுக்கு இடையே அளப்பதற்கு இது மிகவும் பொருத்தம் என்கிறார்கள்.

தரையிலும் வேலை நடக்கிறது. 2018இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்ப நிறுவனத்தில், சில்லுக்குள் அடங்கும் சின்னச் சீப்புகளை வைத்து வினாடிக்கு 10 கோடி முறை தூரம் அளந்தார்கள். வினாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் பாய்ந்த ஏர்கன் குண்டின் வடிவத்தை, அது பறந்துகொண்டிருக்கும்போதே பதிவு செய்தார்கள். ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவில் அந்தக் குண்டு நகர்ந்திருந்தது ஒன்றரை மைக்ரோமீட்டர்தான்.