உயிர் கேட்குது, மெய் கேட்குதில்லை

"சத்தம் கேக்குது மிஸ். சொல்லுறதுதான் விளங்குதில்லை."

திருகோணமலையில் கேட்டல் பரிசோதனை செய்யத் தொடங்கியதிலிருந்து இதை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. திருக்கடலூரிலிருந்து வருபவரும் சொல்வார், கிண்ணியாவிலிருந்து வருபவரும் சொல்வார். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய ஆண், கடல்தொழில். தானாக வந்திருக்கமாட்டார், மகள் இழுத்துக்கொண்டு வந்திருப்பார். "அப்பா வேணுமெண்டே கேளாத மாதிரி இருக்கிறார்" என்பார் மகள். "வாய்க்குள்ள கதைச்சா எப்படிக் கேக்கும்?" என்பார் அவர். மகள் குரலை உயர்த்துவார். உடனே, "ஏன் கத்துறாய், நான் என்ன செவிடனா?"

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்திலக்கணத்தை வைத்தே இதை விளக்குவது எனக்கு வசதி. பேச்சில் உரத்துக் கேட்பவை உயிரெழுத்துகள். அவற்றின் பலமெல்லாம் தாழ்ந்த சுருதியில் இருக்கிறது. ம், ன், ல் போன்றவையும் ஏறத்தாழ அப்படியே. க், ச், த், ப் வேறு சாதி. ஒரு கணம் வெடித்தோ உரசியோ போய்விடும், பலமும் குறைவு. அதிலும் 'ஸ்' போல உரசும் ச் 4000 ஹேர்ட்ஸுக்கு, அதாவது செக்கனுக்கு 4000 அதிர்வுக்கு, மேலேதான் வாழ்கிறது. வல்லினம் என்று பெயர் வைத்தவர் வாயின் முயற்சியைப் பார்த்து வைத்திருப்பார். காதுக்கு அவைதான் மெலிந்தவை.

250 முதல் 8000 ஹேர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியாகக் கொடுத்து, எந்த அளவு மெல்லிய சத்தம் வரை கேட்கிறது என்று குறிப்பதுதான் ஒடியோகிராம். மேலே சொன்னவரின் தாளில் இடப்பக்கம், அதாவது தாழ்ந்த சுருதிகளில், கோடு கிட்டத்தட்ட ஒழுங்காக இருக்கும். 3000இலிருந்து 6000 வரை கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இறங்கியிருக்கும். அவருக்கு பத்து, சத்து, கத்து எல்லாம் ஒன்றுதான். உயிர் வந்து சேர்கிறது, மெய் வழியில் போய்விடுகிறது. மகளின் குரல் கேட்காமலில்லை. மகள் சொன்ன சொல்தான் வந்து சேரவில்லை.

மேற்சுருதி ஏன் முதலில் போகிறது? அதற்குக் காதுக்குள் போய்ப் பார்க்கவேண்டும். கோணேசர் மலையடியில் சுழியோடுபவருக்கு மேலே கோயிலில் அடிக்கும் மணி கேட்காது. காற்றில் வரும் ஒலியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் தண்ணீருக்குள் இறங்கும், மிச்சம் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். உள்காதும் நீர் நிரம்பியதுதான். அந்த நட்டத்தை ஈடுகட்டத்தான் நடுக்காதில் மூன்று எலும்புகள் இருக்கின்றன: சுத்தி, பட்டடை, அங்கவடி. அங்கவடி நம் உடம்பிலேயே சிறிய எலும்பு, 3 மில்லிமீற்றர் அளவு. செவிப்பறையின் அதிர்வை, அதைவிடப் பதினேழு மடங்கு சிறிய ஒரு வாசலில் குவித்து அழுத்துகிறது. பெரிய பாதத்தின் பாரத்தைக் குதிச்செருப்பின் நுனியில் இறக்குவது மாதிரி.

வாசலுக்கு அப்பால் நத்தைச் சுருள். இரண்டரைச் சுற்று, விரித்தால் 35 மில்லிமீற்றர் வரும். அதற்குள் அதிர்வை உணரும் சுமார் 15,000 மயிர்க்கலங்கள். பிறக்கும்போது கொண்டுவந்தவை அவ்வளவுதான், செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைக்காது. கோழிக்கு முளைக்கும். சுருளின் வாசல் பக்கம் மேற்சுருதிக்கு, உள் நுனி தாழ்ந்த சுருதிக்கு. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த பெக்கேசி வைத்தியரல்ல, புடாபெஸ்டில் தொலைபேசி ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவர். 1961இல் மருத்துவத்துக்கான நொபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. எந்தச் சத்தமும் வாசலைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். போதாக்குறைக்குக் காதுக்குழாயும் 3000 ஹேர்ட்ஸ் அளவில் ஒலியைப் பெருக்கி அனுப்புகிறது. ஆகவே அடி முதலில் விழுவது வாசல் பக்கத்தில்.

அந்தக் கலங்களில் பெரும்பகுதியின் வேலை மெல்லிய சத்தத்தைத் தூக்கிக் கொடுப்பது. அவை போனால் மெல்லியது கேட்காது, உரத்தது மட்டும் பழைய உரப்பிலேயே வந்து அறையும். 'கேட்கவில்லை' என்பதற்கும் 'கத்தாதே' என்பதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளி குறுகிவிடுகிறது. அப்பாவின் கோபத்துக்குக் காரணம் குணமல்ல என்று மகளுக்குப் புரியவைப்பதிலேயே என் காலையில் பாதி போய்விடும்.

அடிப்பது யார் என்றால், பெரும்பாலும் படகின் எஞ்சின். 85 டெசிபெல் சத்தத்தில் நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது பொது விதி. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 100ஐத் தொட்டால் பதினைந்து நிமிடம்தான். அளக்கக் கருவி வேண்டாம். ஒரு கை தூரத்தில் இருப்பவரோடு கதைக்கக் குரலை உயர்த்தவேண்டியிருந்தால் 85ஐத் தாண்டிவிட்டது. திருவிழாவில் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் பாய் விரிக்கும் அம்மாமாருக்கும் இதே கணக்குத்தான். காதடைப்பான் போட்டால் எஞ்சின் பழுதானது தெரியாது என்பார்கள். தெரியும். அது சத்தத்தைக் குறைக்கும், இல்லாமலாக்காது. பஞ்சை மட்டும் நம்பவேண்டாம், அது போதாது.

எல்லாக் கேளாமையும் இந்த வகை அல்ல. பிள்ளைக்கு அடிக்கடி தடிமன் பிடித்து, டீவியைக் கூட்டி வைத்து, வகுப்பில் கவனமில்லை என்று அடியும் வாங்கினால், நடுக்காதில் நீர் கட்டியிருக்கலாம். நரம்பு நன்றாக இருக்கும், வழிதான் அடைபட்டிருக்கும். பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் பார்க்கவேண்டும். காது வடிந்தால் எண்ணெயோ வெங்காயச் சாறோ விடாதீர்கள், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நேரே உள்ளே போகும். குறும்பி தானாக வெளியே வருவது, பட்ஸ் போட்டால்தான் உள்ளே இறுகும். சுழியோடிகளுக்கு ஒரு வார்த்தை: பத்து மீற்றரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. மூக்கடைத்திருக்கும்போது காதுக்குள் காற்றைச் சமன்செய்ய முடியாது. அன்றைக்குக் கடலில் இறங்காதீர்கள்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. காலையில் எழும்பினால் ஒரு காது திடீரென்று அடைத்திருக்கும், கூடவே இரைச்சல். தண்ணீர் போயிருக்கும், குறும்பியாக்கும் என்று ஒரு மாதம் விட்டுவிடுவார்கள். அப்போது வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் கூடுதலாகக் கேட்டால் பெரும்பாலும் வழி அடைப்பு. நல்ல காதுப் பக்கம் ஒதுங்கினால் நரம்புப் பக்கக் கோளாறாக இருக்கலாம், அது அவசரம். எந்தப் பக்கம் என்று நிச்சயமில்லாவிட்டாலும் அன்றே காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் போங்கள். ஸ்டீரொய்ட் மருந்து முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் நல்ல வாய்ப்பு, இரண்டு கிழமை போனால் அது வெகுவாகக் குறைந்துவிடும். பிந்தி வந்தவரின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்ப்பது இந்தத் தொழிலில் எனக்கு இன்னும் பழகவில்லை.

சரி, அந்த அப்பாவுக்கு என்ன ஆயிற்று? கேட்டல் கருவி பொருத்தினோம். கடலுக்கு அல்ல, வீட்டுக்கு. உப்புத் தண்ணீர் பட்டால் மிசின் அவ்வளவுதான், கடலுக்குப் போகும்போது காதடைப்பான். முதல் மாதம் எல்லாருக்கும் எரிச்சல்தான் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். ஒரு கிழமையிலேயே வந்துவிட்டார்.

"சொப்பிங் பையைத் தொட்டாலே சரசரண்டு காதைக் குத்துது. முந்தி இப்பிடி இல்லை."

"முந்தியும் இருந்தது ஐயா. உங்களுக்குத்தான் கேக்கேல்லை. 'ச்' திரும்பி வந்திருக்குது."

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப அதைக் கொஞ்சம் குறைச்சு விடுங்க."

குறைத்துவிட்டேன்.