டிராப் ஆர்மை ஏன் சுத்தியலால் தட்டக்கூடாது?

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் லோடு வண்டியின் ஸ்டியரிங் கைக்கு இலகுவாகத் திரும்புகிறதென்றால், அது ஸ்டியரிங் பாக்ஸுக்குள் பாயும் ஆயிலின் வேலை. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் டார்ஷன் பார் என்ற கம்பி லேசாக முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கில் வால்வு திறந்து, பம்ப் அனுப்பும் ஆயில் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டனின் பற்கள் செக்டார் ஷாஃப்ட்டைச் சுழற்ற, அதன் நுனியிலுள்ள டிராப் ஆர்ம் சக்கரங்களைத் திருப்பும்.

பாக்ஸை இறக்க வேண்டுமானால் முதலில் டிராப் ஆர்மைக் கழற்ற வேண்டும். வேலூர் பைபாஸ் ஓரப் பட்டறை ஒன்றில், வேலை பழகும் பையன் அதை அடிக்கச் சுத்தியலை ஓங்கினான். "சுத்திய கீழ வெச்சிட்டு புல்லர எடுத்துனு வா" என்று அதட்டினார் மேஸ்திரி.

அவர் அதட்டியது சரிதான். ஷாஃப்ட்டின் நுனி, பல் வெட்டிய கூம்பு. நட்டை முறுக்க முறுக்க ஆர்ம் அதில் ஆப்பு மாதிரி இறுகிவிடும். நட்டைத் தளர்த்தினாலும் விடாது. சுத்தியலால் அடித்தால் அந்த அதிர்ச்சி ஷாஃப்ட் வழியாக உள்ளே போகும். பேரிங்குகள், பற்கள், பிஸ்டனுக்குள் உருளும் எஃகுக் குண்டுகள் எல்லாம் அதைத் தாங்க வேண்டும். குண்டு ஓடும் தடத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழுந்தாலே போதும், ஸ்டியரிங் அங்கங்கே தட்டும்.

புல்லர் அப்படியல்ல. அதன் கொக்கிகள் ஆர்மைப் பின்னாலிருந்து பிடிக்கும், நடு ஸ்குரூ ஷாஃப்ட்டின் முனையை அழுத்தும். இழுப்பும் அழுத்தமும் ஆர்முக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையிலேயே முடிந்துவிடுவதால், பாக்ஸுக்குள் எதுவும் போகாது. பலமும் கொஞ்சமல்ல. 300 மி.மீ. ஸ்பேனரை ஒரு சுற்று சுற்றினால் கை ஏறக்குறைய 1,885 மி.மீ. நகரும், ஸ்குரூ 1.5 மி.மீ. மட்டுமே முன்னேறும். கணக்குப்படி ஏறக்குறைய 1,250 மடங்கு பலம்! பத்தில் ஒன்பது பங்கை உராய்வு தின்றாலும், 10 கிலோ அழுத்தம் ஒரு டன்னைத் தாண்டும். நட்டை முழுசாகக் கழற்றாமல் சில மரைகளில் விட்டுவைப்பது நல்லது, ஆர்ம் விடுபடும்போது துள்ளி விழாது. திரும்ப அதே நிலையில் மாட்ட, ஆர்மும் ஷாஃப்ட்டும் சேரும் இடத்தில் முன்பே ஒரு கோடும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஷாஃப்ட் ஓரமாக ஆயில் கசியாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீலைப் புதிதாக மாட்டும்போது ஷாஃப்ட்டின் பற்கள் மேல் உறை போட வேண்டும். இல்லாவிட்டால் சீலின் உதடு கிழிந்து, மறுபடி ஒழுகும்.

உண்மையில், ஸ்டியரிங் கனத்துப்போனால் இதற்கெல்லாம் முன்பே எடுக்க வேண்டியது, ஆயிலின் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜ். பம்ப்புக்கும் பாக்ஸுக்கும் நடுவில் அதை மாட்டி, இன்ஜினை ஓட விட்டு, அதிலுள்ள வால்வை மூடிப் பாருங்கள். கம்பெனி சொன்ன அளவுக்கு முள் ஏறினால் பம்ப் சரி, அப்புறம் பாக்ஸைப் பார்க்கலாம். ஏறாவிட்டால் கோளாறு பம்ப்பில்தான், பாக்ஸை இறக்கும் வேலையே வேண்டாம். ஆனால் 5 விநாடிக்கு மேல் மூடி வைக்காதீர்கள். ஆயில் சூடேறி, நல்ல பம்ப்பும் கெட்டுவிடும்.