176 எப்படி வந்தது?

'ஊராட்சித் தலைவரையே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோம்; குடியரசுத் தலைவரை மட்டும் ஏன் நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நேரு அரசியல் நிர்ணய சபையிலேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார்: நாடு முழுவதும் வாக்கு வாங்கி வருபவரிடம் உண்மையான அதிகாரம் தராமல் இருப்பது முரண்பாடு. தந்தாலோ பிரதமருக்குப் போட்டியாக இன்னொரு அதிகார மையம் முளைக்கும்.

நியாயமான வாதம். ஆனால் என்னை மயக்குவது, நாம் தேர்ந்தெடுத்த எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் நமக்காக வாக்களிக்கும் இந்த மறைமுகத் தேர்தலின் கணக்கு. ஓர் எம்.எல்.ஏ.யின் வாக்கு மதிப்பை அறிய, மாநிலத்தின் மக்கள்தொகையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, மீண்டும் 1,000 ஆல் வகுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு 4,11,99,168 ÷ 234 ÷ 1,000, விடை 176. உத்தரப் பிரதேசத்துக்கு 208, சிக்கிமுக்கு 7. (1+7+6=14, 1+4=5 என்று இதற்கும் பலன் சொல்ல எண் சோதிடர்கள் இருப்பார்கள்; வகுத்தல் தெரிந்தவர்களுக்கு அவர்கள் தேவையில்லை.)

அழகு அடுத்த படியில் இருக்கிறது. எம்.பி.யின் வாக்குக்கென்று தனி மதிப்பு கிடையாது. எல்லா எம்.எல்.ஏ.க்களின் வாக்கு மதிப்பையும் கூட்டி, தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுத்து அதைப் பெறுகிறார்கள். 2022இல் எம்.எல்.ஏ.க்களின் மொத்தம் 5,43,231. அதை 776 ஆல் வகுத்தால் 700. எம்.பி.க்களின் மொத்தம் 5,43,200. டெல்லி ஒரு தட்டு, மாநிலங்கள் மறு தட்டு. வித்தியாசம் வெறும் 31! முந்தைய தேர்தலில் எம்.பி.யின் மதிப்பு 708. ஜம்மு காஷ்மீரில் சட்டமன்றம் இல்லாமல் போனதும், நாடாளுமன்றத்தின் எடையும் தானாகவே குறைந்துவிட்டது. மக்களவையில் மட்டும் பெரும்பான்மை வைத்திருக்கும் கட்சி இங்கே வெல்ல முடியாது. மாநிலங்களையும் கேட்டாக வேண்டும். இந்த முறையின் பெருமையே அதுதான்.

வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் விருப்ப வரிசை வாக்கை விரிக்க இடமில்லை. 1969இல் வி.வி.கிரி இரண்டாம் விருப்பங்களை எண்ணிய பிறகே பாதியைத் தாண்டினார் என்பது போதும்.

இந்தக் கணக்கில் வரும் மக்கள்தொகை 1971ஆம் ஆண்டுடையது. 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பின் விவரம் வெளியாகும்வரை அதுவே செல்லும். 2011 எண்களைப் போட்டுப் பார்த்தேன்: தமிழ்நாடு 308, உத்தரப் பிரதேசம் 496. நம் எண்ணும் ஏறுகிறது, ஆனால் இடைவெளி 32இலிருந்து 188 ஆகிறது. ஆளுக்கு ஆள் சமம் என்பவர்கள் இதைச் சரி என்பார்கள். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்களின் குரலைக் குறைப்பது அநீதி என்பதே என் வாதம். 1971ஐ அப்படியே விட்டுவிடலாம்.