சின்ட்ஸ் என்னும் சீட்டி

பழைய துணிகளைத் தேடிச் சேர்ப்பவர்களும் அவற்றைக் கொண்டு தைப்பவர்களும் அடிக்கடி சொல்லும் பெயர் 'சின்ட்ஸ்'. பெரிய பூக்களும் வளைந்தோடும் கொடிகளும் நிறைந்த பருத்தித் துணி அது. பல நேரம் மேற்பரப்பு வழவழவென்று மினுங்கும். இந்தப் பெயருக்குள் மூன்று வேறு துணிகள் இருப்பதுதான் சிக்கல். 18ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் கையால் எழுதியதும் சின்ட்ஸ், 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருளையால் அச்சடித்ததும் சின்ட்ஸ், 1950களில் செயற்கைப் பிசினால் மெருகேற்றியதும் சின்ட்ஸ். மூன்றையும் ஒரே வாளியில் நனைத்தால் ஒன்று தாங்கும், ஒன்று மங்கும், ஒன்று கிழியும். பெயரைச் சரியாகச் சொல்லவேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

சொல் வந்த வழி

மூலம் இந்தியின் 'சீண்ட்'. தெறித்த துளி, சிதறிய புள்ளி என்பது பொருள். புள்ளியும் பூவும் தெளித்தாற்போன்ற துணிக்கு அதுவே பெயராயிற்று. பலவண்ணம் என்னும் பொருளுடைய வடமொழிச் 'சித்ர'வுடன் இதை இணைப்போரும் உண்டு.

17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஒருமை 'சின்ட்', பன்மை 'சின்ட்ஸ்'. லண்டனில் அரசு அதிகாரியாக இருந்த சாமுவேல் பீப்ஸ் 1663 செப்டம்பரில் மனைவியின் அறைக்காக வாங்கியதைத் தம் நாட்குறிப்பில் 'சின்ட்' என்றே எழுதினார். துணிகள் கட்டுக் கட்டாகவே கப்பலில் வந்ததால் பன்மைச் சொல் நிலைத்து, பிறகு அதுவே ஒருமையாகிவிட்டது. ஆகவே தமிழில் 'சின்ட்ஸ்கள்' என்று எழுதினால் பன்மைக்கு மேல் இன்னொரு பன்மையைப் போர்த்துகிறோம்.

டச்சுக்காரர் இதைச் 'சிட்ஸ்' என்றனர். போர்த்துக்கீசியரிடம் 'ஷீத்தா', மலாயில் 'சித்தா', சிங்களத்தில் 'சீத்த'. ஈழத்தில் 'சீத்தை', 'சீத்தைத் துணி' என்பவை வீட்டுச் சொற்கள். ஒலியை வைத்துப் பார்த்தால் சீத்தை, போர்த்துக்கீசிய வடிவத்துக்கு நெருக்கமானது. தமிழகத்தில் உருது வழியாக வந்து தங்கிய வடிவம் 'சீட்டி'. சீட்டித் துணி, சீட்டிப் பாவாடை என்று நம் பாட்டிமார் இயல்பாகச் சொன்ன சொல் இது. மலையாளத்திலும் சீட்டித்துணி உண்டு.

எழுத்தில் ஒன்றாகவே இருக்கும் இன்னொரு சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'சீட்டி அடித்தான்' என்பதிலுள்ள சீட்டி, விசிலைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து வந்தது. துண்டுக் காகிதமான சீட்டுக்கும் இந்தத் துணிக்கும் உறவில்லை.

தமிழில் எது பொருந்தும்?

'கலம்காரி' என்று பலர் எழுதுகிறார்கள். பாரசீகத்தில் கலம் என்றால் எழுதுகோல், காரி என்றால் வேலை. ஸ்ரீகாளஹஸ்தியில் கோலால் எழுதும் துணிக்கு அது சரி. மசூலிப்பட்டினத்தில் மரக்கட்டை அச்சால் செய்வதையும் இன்று கலம்காரி என்றே விற்கிறார்கள். அங்கே கலமே இல்லை. இங்கிலாந்தின் ரோஜாப்பூத் திரைச்சீலைக்கு அந்தப் பெயர் ஒட்டவே ஒட்டாது.

பழைய இலக்கியத்தில் 'சித்திரப் படம்' இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கானல்வரி, யாழை வைத்திருந்த உறையை அப்படித்தான் சொல்கிறது. பொருநராற்றுப்படை பாம்பின் சட்டையைப் போன்ற மெல்லிய துணியைப் 'பூக்கனிந்து' என்கிறது. அழகான சொற்கள், ஆனால் நெய்த பூவுக்கும் அவை பொருந்திவிடும். சீட்டியின் பூ தறியில் பிறப்பதில்லை, நெய்து முடித்த துணியின் மேல் பிறப்பது. அந்த வேறுபாட்டைச் சொல்லாத சொல் நமக்கு உதவாது. 'அச்சடித்த துணி' என்பதோ கையால் எழுதியதை விட்டுவிடுகிறது.

எங்கள் பரிந்துரை: பொதுப்பெயர் சீட்டி, ஈழத்தவர்க்குச் சீத்தை. வகை சொல்ல வேண்டிய இடத்தில் எழுத்துச்சீட்டி, அச்சுச்சீட்டி, மெருகுச்சீட்டி. தமிழில் ஓவியத்தை 'எழுதுவது' என்பதுதான் மரபு. போர்த்துக்கீசியர் இத்துணிக்கு வைத்த மற்றொரு பெயரான 'பிந்தாடோ'வுக்கும் வண்ணம் தீட்டியது என்றே பொருள்.

எழுத்துச்சீட்டி

பாண்டிச்சேரியில் 1730களில் பொலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி இந்த வேலையைக் கட்டம் கட்டமாகப் பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டை வெட்டி ஒட்டிக் குறிப்பெழுதினார். 1742இல் பாதிரியார் கூர்தூ இதே வேலையைப் பற்றி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஐரோப்பியர் நம் சாயத் தொழிலை அறியத் துடித்த காலம் அது.

முதலில் வெளுத்த துணியைக் கடுக்காய்ச் சாறு கலந்த எருமைப் பாலில் தோய்ப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு, நிறமூன்றியை, அதாவது சாயத்தைத் துணியில் நிலைக்கச் செய்யும் உப்பை, இழையில் பிடித்து வைக்கும். பாலின் கொழுப்பு, எழுதும் திரவம் பரவாமல் தடுக்கும். பால் குறைந்தால் கோடு ஊறிக் கலங்கும். இரும்புத் துண்டுகளைப் புளித்த நீரில் ஊறவைத்து எடுத்த கரைசலால் கறுப்புக் கோடு. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசல். படிகாரத்துக்கு நிறமில்லை. அதன் பிறகு துணியைச் சாயவேர்ச் சாற்றில் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பற்றிக்கொள்ளும், மற்ற இடத்துச் சாயம் சாணநீரிலும் வெயிலிலும் போய்விடும். சாயவேரை இம்பூறல் என்றும் சொல்வார்கள். கிளிஞ்சல் கலந்த கடலோர மணலில் விளைந்த வேருக்கு நிறம் தூக்கலாக இருக்கும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் டச்சுக்காரர் காலத்தில் இந்த வேரைத் தோண்டுவது அரசுக்கு வருமானம் தந்த தொழில்.

நீலத்துக்கு வழி வேறு. அவுரி, நிறமூன்றி இல்லாமலே பிடிக்கும், ஆனால் தொட்டியில் முக்கித்தான் ஏற்றவேண்டும். அதனால் நீலம் வேண்டாத இடம் முழுவதையும் மெழுகால் மூடி முக்குவார்கள். பிறகு வெந்நீரில் மெழுகைக் கழற்றி, பச்சை வேண்டிய இலைகளில் நீலத்தின் மேல் மஞ்சளைத் தீட்டுவார்கள். கடைசியில் கஞ்சி போட்டு, மழமழப்பான சங்காலோ கல்லாலோ தேய்த்து மெருகேற்றுவார்கள்.

இந்த வரிசை தெரிந்தால் அடையாளம் காண்பது எளிது. மெழுகு விரிசல் விட்ட இடத்தில் அவுரி புகுந்து மயிரிழை போன்ற நீல நரம்புகள் ஓடியிருக்கும். மஞ்சள் நிலையற்ற சாயம் ஆகையால் 200 ஆண்டுகளில் அது போய், இலைகள் நீலமாக நிற்கும். ஒரே பூ இரண்டு இடத்தில் வந்தாலும் இதழ்கள் அச்சாக ஒத்திருக்காது. பின்பக்கத்திலும் நிறம் நன்றாகத் தெரியும். கிழக்கிந்தியக் கம்பெனிகளின் முத்திரை பின்புறம் எஞ்சியிருந்தால் அது பெரும் பேறு, அதை வெட்டி எறிந்துவிடக் கூடாது.

கறுப்புக் கோடுகள் மட்டும் உதிர்ந்து துணி சல்லடையாகியிருப்பதைப் பலர் பூச்சி அரித்தது என்று நினைக்கிறார்கள். காரணம் இரும்பு. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பருத்தியின் இழையை உள்ளிருந்தே அறுக்கிறது. எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால் அந்தக் கறுப்பு கரைந்தும் போகும். துருக்கறை எடுக்கும் வீட்டு வைத்தியம் எதையும் இதில் முயலக் கூடாது. சோப்பின் காரமும் ஆகாது, மஞ்சள் கிழங்குச் சாயம் எஞ்சியிருந்தால் சிவந்துவிடும். எழுத்துச்சீட்டியை நனைக்கவும் வேண்டாம், தைக்கவும் வேண்டாம். பாதுகாத்தால் போதும்.

அச்சுச்சீட்டி

சீட்டி மோகம் ஐரோப்பிய நெசவாளர்களை அச்சுறுத்தியதால் பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அதைத் தடைசெய்தது. இங்கிலாந்து 1701இல் இறக்குமதியை மறித்தது, 1720களில் உடுத்துவதையே மறித்தது, 1774இல்தான் தம் ஊரில் நெய்த பருத்திக்கு விலக்களித்தது. அந்தச் சட்டம் சேகரிப்பாளருக்கு ஓர் அடையாளத்தை விட்டுச் சென்றது. 1774 முதல் 1811 வரை பிரிட்டனில் அச்சுக்கென்று நெய்த பருத்தியின் ஓரக்கரையில் மூன்று நீல நூல்கள் ஓடவேண்டும் என்பது விதி. கரையோடு ஒரு துண்டு கிடைத்து அதில் மூன்று நீலக் கோடு இருந்தால் காலம் கையில் அகப்பட்டது போல. கரையை வெட்டிச் சீராக்குவோர் இதைத்தான் குப்பையில் போடுகிறார்கள்.

மரக்கட்டை அச்சில், கட்டை மாறும் இடத்தில் கோடு சற்றே விலகும், மூலைகளில் குண்டூசித் தலை அளவு புள்ளிகள் இருக்கும். தாமஸ் பெல் 1783இல் காப்புரிமை பெற்ற செப்பு உருளையில் கோடு மிக நுணுக்கமாக, புள்ளிகளால் நிழலிட்டு வரும். உருளையின் சுற்றளவு தீரும் இடத்தில் கோலம் மறுபடி தொடங்கும். பின்புறம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். மலிவான உருளை அச்சு பெருகியதால்தான் ஆங்கிலத்தில் இச்சொல்லின் மதிப்பு இறங்கியது. 1851இல் நாவலாசிரியர் ஜார்ஜ் எலியட் ஒரு கடிதத்தில் 'சின்ட்ஸி' என்று குறைத்துச் சொன்னார், அது இன்றும் 'மலிவான பகட்டு' என்ற பொருளில் வழங்குகிறது. தமிழில் சீட்டிக்கு அந்த இழிவு இல்லை, ஏற்றவும் வேண்டாம்.

மெருகுச்சீட்டியும் தையலும்

தைக்க வாங்கும் பழந்துணியில் மிகுதியும் 20ஆம் நூற்றாண்டு மெருகுச்சீட்டிதான். மெருகு கஞ்சியா பிசினா என்று முதலில் பாருங்கள். ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். கஞ்சியானால் ஊறி, அந்த வட்டம் மங்கும். பிசினானால் துளி உருண்டு நிற்கும். ஐயம் இருந்தால் ஓர் இழையை உருவித் தனியே வைத்து அதில் டிங்சர் அயோடின் ஒரு துளி இடுங்கள். கருநீலமானால் கஞ்சி.

கஞ்சி மெருகு முதல் சலவையிலேயே போய்விடும், துணி தளர்ந்து சற்றுச் சுருங்கும். மினுக்கம் வேண்டுமென்றால் துவைக்காமல் தைத்து, உடுப்பாக அன்றித் திரையாகவோ பெட்டி உறையாகவோ பயன்படுத்துங்கள். பிசின் மெருகு நீரைத் தாங்கும், குளோரின் வெளுப்பானைத் தாங்காது. குளோரின் பிசினில் தங்கி, இஸ்திரிச் சூட்டில் அமிலமாகி இழையைப் பொசுக்கும், துணி பழுத்துக் கிழியும்.

வெட்டுமுன் வலுவைச் சோதியுங்கள். இரண்டு கட்டைவிரல்களால் பாவு (நீளவாட்டு), ஊடை (குறுக்குவாட்டு), க்ராஸ் (மூலைவாட்டு) என மூன்று திசையிலும் மெல்ல இழுங்கள். காகிதம் போல் சத்தம் வந்தால் அந்தத் துணி தையலைத் தாங்காது. நிறம் விடுமா என்று பார்க்க, ஈரமான வெள்ளைப் பஞ்சை ஒவ்வொரு நிறத்தின் மேலும் 5 நிமிடம் அழுத்தி வையுங்கள். பிறகு சோப்பு நீர் தொட்டு மறுபடி.

அச்சு, துணியின் நேர்நூலுக்கு (பாவு ஓடும் திசைக்கு) கோணலாக விழுந்திருப்பது இதில் வழக்கம். திரைச்சீலைக்குப் பூவின் நேரைப் பின்பற்றுங்கள், கோணல் 2 சென்டிமீட்டருக்குள் என்றால் கண் பூவைத்தான் பார்க்கும். பாவாடைக்கு நேர்நூலை விட்டால் கீழ்மடிப்பு முறுக்கிக்கொள்ளும். துணிக் கணக்கில் கோலம் திரும்பும் தூரத்தைச் சேர்க்கவேண்டும். கோலம் 64 செ.மீ.க்கு ஒருமுறை வருகிறது, ஒரு மடல், அதாவது திரையின் ஒரு பாகம், 150 செ.மீ. வேண்டும் என்றால் ஒரு மடலுக்கு 150 அல்ல, மூன்று கோலம், அதாவது 192 செ.மீ. எடுக்கவேண்டும். இரண்டு மடலுக்கு 384. மீந்ததில் குஷன் உறைக்கு ஆகும்.

மெருகில் விழுந்த ஊசித்துளை மூடாது. குண்டூசியைத் தையலுக்கு விடும் இடத்துக்குள் மட்டும் குத்துங்கள், இல்லையேல் கிளிப் போடுங்கள். பிரித்துத் தைத்தால் வரிசையாகத் துளை தெரியும், எனவே முதலில் மல் துணியில் வெட்டிப் பார்த்துவிடுங்கள். 11ஆம் நம்பர் ஊசி, நலிந்த துணிக்கு 9. தையல் நீளம் 2.5 மி.மீ. அதைவிடச் சிறிதானால் துளைகள் நெருங்கி, முத்திரைத்தாள் போலக் கிழிய வழி வைக்கும். பருத்தி நூலே போதும். பாலியெஸ்டர் நூல் துணியைவிட வலுவாக இருந்து துணியை அறுக்கும். தையலுக்கு 1.5 செ.மீ. விடுங்கள், நலிந்திருந்தால் பின்னால் மல் வைத்து இரண்டையும் ஒன்றாகப் பிடியுங்கள். இஸ்திரி உள்பக்கத்தில், ஆவி இல்லாமல், மிதமான சூட்டில். ஆவி பட்ட இடம் கஞ்சி மெருகில் கறைபோல் நிற்கும்.

கஞ்சி இருக்கும் துணியை மடித்துப் பெட்டியில் வைத்தால் ராமபாணப் பூச்சி தேடி வரும், மடிப்பில் மெருகும் வெடிக்கும். அட்டைக் குழாயின் மேல் துவைத்த காடாத் துணியைச் சுற்றி, அதன் மேல் சீட்டியை மெருகுப்பக்கம் வெளியே வரச் சுருட்டுங்கள். பச்சை வேப்பிலையை நேராக வைக்காதீர்கள், சாறு கறையாகும். குழாயின் முனையில் நூலால் கட்டும் சீட்டில் வகை, மெருகு, கரை அடையாளம், கோலம் திரும்பும் தூரம், நனைத்ததா இல்லையா என்று பென்சிலால் எழுதுங்கள்: 'அச்சுச்சீட்டி, கஞ்சி மெருகு, கரை உண்டு, 64 செ.மீ., நனைக்கவில்லை.'