சொல் விளக்கம்: படவழி மூளைத் தூண்டல்

மனச்சோர்வுக்கு (டிப்ரெஷன்), தலைக்கு வெளியிலிருந்தே காந்தத்தால் மூளையைத் தூண்டும் சிகிச்சை டி.எம்.எஸ். மூளையைப் படமெடுத்து, அதைப் பார்த்து இடம் குறித்துச் செய்வதற்குத்தான் தலைப்பில் உள்ள பெயர். டி.எம்.எஸ். என்பதை விரித்தால் டிரான்ஸ்கிரேனியல் மேக்னெட்டிக் ஸ்டிமுலேஷன். டிரான்ஸ் லத்தீனில் ‘ஊடாக’; கிரேனியம் கிரேக்க வழி வந்த மண்டையோடு. ஸ்டிமுலஸ்தான் சுவாரசியம்: லத்தீனில் அது மாட்டைக் குத்தி ஓட்டும் தார்க்குச்சி! நம்முடைய ‘தூண்டு’ அவ்வளவு முரடில்லை. திரியை இழுத்துவிட்டு, மங்கும் சுடரை நிமிர்த்துவதும் தூண்டுவதுதான், தூண்டாமணிவிளக்கு என்கிறோமே. மனச்சோர்வு சிகிச்சைக்கு இது தானாகப் பொருந்துகிறது. (மனச்சோர்வை ‘மன அழுத்தம்’ என்று எழுதுவது தவறு, அது ஸ்ட்ரெஸ்.)

இண்டக்‌ஷனுக்கும் பாடநூல்களில் தூண்டல் என்றே பெயர். கருவியில் இரண்டுமே நடக்கின்றன. தலையோடு ஒட்டி வைத்த கம்பிச்சுருளில் மின்சாரம் சட்டென்று ஏறி இறங்க, அதன் காந்தப்புலம் மண்டையோட்டைக் கடந்து மூளையின் மேல்பரப்பில் சிறு மின்னோட்டத்தை எழுப்புகிறது. இது 1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல். அந்த மின்னோட்டம் நரம்பணுக்களைக் கிளப்புவது நரம்புத் தூண்டல். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் இப்படித்தான் தலையில் சுருளை வைத்துக் கையைத் துடிக்கச் செய்தார்கள். மனச்சோர்வுக்கு, மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008இல் இதை அனுமதித்தது.

சரி, ‘படவழி’ எதற்கு? குறி, இடது முன்மூளையின் மேல்பக்கப் புறணி (மூளையின் வெளியடுக்கு). தூண்டினால் கட்டைவிரல் துடிக்கும் இடத்தைத் தலையில் தேடிப் பிடித்து, அங்கிருந்து 5 செ.மீ. முன்னால் அளந்து சுருளை வைப்பது பழைய வழக்கம். எல்லார் தலையும் ஒரே அளவா என்ன? பலருக்குக் குறி தப்பியது. மூளையின் எந்தப் பகுதி எப்போது செயல்படுகிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. படம் எடுத்தால், மூளையின் ஆழத்தில் சோர்வோடு தொடர்புடைய ஒரு பகுதிக்கு நேரெதிராகச் செயல்பாடு ஏறி இறங்கும் புள்ளியை ஆளுக்கு ஆள் தனியாகக் குறிக்கலாம். ஸ்டான்ஃபோர்டில் உருவான ‘செயின்ட்’ முறை அப்படிப்பட்டது: 5 நாள், நாளுக்கு 10 அமர்வு. 2022இல் எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றது. வழக்கமான முறைக்கு 4 முதல் 6 வாரம் ஆகும்.

‘பிம்ப வழிகாட்டுதலுடன் கூடிய மூளை தூண்டுதல்’ என்றெல்லாம் நீட்ட வேண்டாம். வான்வழி, தரைவழி போலப் படவழி. முழுப்பெயர் வேண்டுமென்றால் ‘படவழிக் காந்த மூளைத் தூண்டல்’. வெறும் ‘காந்த சிகிச்சை’ என்றால் காந்தக் காப்பு விற்பவர்தான் நினைவுக்கு வருவார். ‘ஷாக்’ என்பதும் பொருந்தாது. அது மயக்க மருந்து கொடுத்து, மின்சாரத்தால் வலிப்பை வரவழைக்கும் வேறு சிகிச்சை. இங்கே நோயாளி காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு விழித்தபடியே உட்கார்ந்திருப்பார். சுருள் டக்டக்கென்று அடிக்கும்.