மலைமேல் கேரவனில் டிவி: டிஷ் எங்கே பார்க்க வேண்டும்?

கம்பத்தில் இருந்து குமுளிக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் இப்போது கேரவன் வண்டிகளை அடிக்கடிப் பார்க்க முடிகிறது. 2021ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது, அடுத்த வருடமே வாகமண்ணில் முதல் கேரவன் பார்க் வந்தது. அதன்பிறகு எங்கள் பக்கத்திலும் பழைய டெம்போ டிராவலரை வாங்கிப் படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்து மாற்றுகிறவர்கள் கூடிவிட்டார்கள். அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, போன் டவரே எடுக்காத மலையில டிவி எடுக்குமா?"

எடுக்கும். நன்றாகவே எடுக்கும். ஆனால் கம்பி ஆண்டெனாவை நம்பாமல் டிஷ்ஷை நம்ப வேண்டும்.

ஆண்டெனா ஏன் வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குறுக்குக் கம்பிகள் வரிசையாக நிற்கும் அந்த ஆண்டெனா, 1926ல் ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் உடா, யாகி என்ற இருவர் உருவாக்கியது. அது அடிவானத்தைப் பார்க்கும் கருவி. எதிரே கோபுரம் இருக்க வேண்டும், கோபுரத்துக்கும் அதற்கும் நடுவே மலை இருக்கக் கூடாது. தென் மாவட்டங்களில் ஒரு காலத்தில் எல்லா வீட்டு ஆண்டெனாவும் கொடைக்கானலைப் பார்த்துத்தான் நின்றது. காரணம் உயரம்தான்: 2,000 மீட்டர் உயரத்தில் இருந்து புறப்படும் அலை, பூமியின் வளைவு மறைப்பதற்கு முன் கணக்குப்படி 180 கிலோமீட்டர் வரை போகும். கொடைக்கானல் எஃப்எம் 100.5 இன்றைக்கும் அவ்வளவு தூரம் கேட்பது இதனால்தான். ஆனால் தூர்தர்ஷன் தன் பழைய தரைவழி அனலாக் ஒளிபரப்பை ஏறக்குறைய முழுவதும் நிறுத்திவிட்டது, டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு சென்னை மாதிரி பெரிய நகரங்களைச் சுற்றித்தான் வந்தது. அதனால் வண்டிப்பெரியாரிலோ பீர்மேட்டிலோ நின்றுகொண்டு கம்பி ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டிருப்பதில் பலன் இல்லை.

டிஷ் பார்ப்பது வானத்தை. மாதச் சந்தா இல்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷையே எடுத்துக்கொள்வோம், டிடி தமிழும் டிடி மலையாளமும் அதில் வருகின்றன. அது ஜிசாட்-15 செயற்கைக்கோளில் இருந்து வருகிறது. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு தீர்க்கரேகை 93.5 டிகிரியில் இருக்கிறது. பூமி சுற்றும் அதே வேகத்தில் அதுவும் சுற்றுவதால் நம் கண்ணுக்கு அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதாகக் கணக்கு. குமுளியில் நின்று பார்த்தால் அது எங்கே? கிழக்கைப் பார்த்து நின்று, தெற்குப் பக்கம் 30 டிகிரி திரும்புங்கள். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி சுமார் 10 டிகிரி, ஆக மூன்று முஷ்டி. அப்புறம் தலையை நிமிர்த்தி 68 டிகிரி உயரம், அதாவது உச்சந்தலைக்கு நேர் மேலிருந்து இரண்டு முஷ்டி கீழே.

இந்த 68 என்ற எண்தான் நம் ஊருக்குக் கிடைத்த வரம். லண்டனில் பிரிட்டிஷ் சானல்களுக்கான செயற்கைக்கோள் ஏறக்குறைய 25 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே 10 மீட்டர் தள்ளி 5 மீட்டர் மரம் ஒன்று நின்றாலே போதும், படம் போய்விடும். நமக்கு அதே 10 மீட்டரில் இருக்கும் மரம் டிஷ்ஷை விட 25 மீட்டர் உயரம் இருந்தால்தான் மறைக்கும். மலை என்றால், 100 மீட்டர் தள்ளி 250 மீட்டருக்குச் சுவர் மாதிரி செங்குத்தாக எழும்ப வேண்டும். அதனால் பள்ளத்தாக்குக்குள் வண்டியை நிறுத்திவிட்டோமே என்று கவலைப்படத் தேவையில்லை. வெளிநாட்டு கேம்பர் வழிகாட்டிகளைப் படித்துவிட்டு "திறந்தவெளி கிடைக்கவில்லை" என்று டிவி ஆசையை விட்டவர்களை எனக்குத் தெரியும், அவர்களுக்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நமக்கு எதிரி தலைக்கு நேர் மேலே இருக்கும் கிளைதான். வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் வண்டியை நிறுத்தி, மாலை முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் எனக்கு ஒன்றும் வரவில்லை. ஏலத்துக்கு நிழல் வேண்டும், அதனால் தோட்டம் முழுக்க மரக்கூரை. டிஷ் நிற்கும் முக்காலியைத் தூக்கி 15 அடி தள்ளி ரோட்டோரத்து இடைவெளியில் வைத்ததும் 5 நிமிடத்தில் படம் வந்தது. தேயிலைத் தோட்டத்தில் இந்தத் தொல்லை குறைவு, சில்வர் ஓக் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும். ஈர இலை காய்ந்த இலையை விட மோசம், தண்ணீர் இந்த அலையை விழுங்கிவிடும்.

எந்த இடத்தில் கிளை மறைக்கும் என்று கண்டுபிடிக்க ஒரு அழகான வழி இருக்கிறது. வருடத்தில் இரண்டு முறை, மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், சூரியன் சரியாக அந்தச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். குமுளிக்குக் கணக்குப் போட்டால் நேரம் காலை 11 மணியை ஒட்டி வருகிறது. அந்த நாட்களில் 11 மணிக்கு எங்கே வெயில் விழுகிறதோ அங்கே டிஷ்ஷை வைக்கலாம், எங்கே நிழலோ அங்கே வைக்கக் கூடாது. அதே நேரத்தில் சூரியனின் இரைச்சல் டிஷ்ஷுக்குள் புகுந்து சில நிமிடம் படம் உடையும், அது பழுது இல்லை, தானாகச் சரியாகிவிடும். மற்ற மாதங்களில் சூரியன் வடக்கிலோ தெற்கிலோ விலகிவிடுவதால் போனில் செயற்கைக்கோள் காட்டும் ஆப்தான் கதி.

சரி, திருப்பும் வேலைக்கு வருவோம். இந்த அலையின் நீளம் சுமார் 2.6 சென்டிமீட்டர். 60 சென்டிமீட்டர் டிஷ் அதைப் பிடிக்கும் பார்வை வெறும் 3 டிகிரி அகலம், மேலே சொன்ன முஷ்டியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒன்றரை டிகிரி விலகினாலே சிக்னல் பாதியாகிவிடும். அதனால்தான் வண்டிக் கூரையில் டிஷ்ஷை நிரந்தரமாகப் பொருத்துவதை நான் விரும்புவதில்லை. உள்ளே ஒருவர் எழுந்து நடந்தாலே வண்டி ஆடும். தரையில் முக்காலி வைத்து, அதன் நடுவில் தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிட்டால் காற்றுக்கும் அசையாது. முதலில் டிஷ்ஷைத் தாங்கும் கம்பம் நேராக நிற்கிறதா என்று கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தால் பாருங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் டிஷ்ஷைப் பக்கவாட்டில் திருப்பும்போது உயரமும் சேர்ந்து மாறி, இரவு முழுக்கத் தேட வைக்கும். போன் திசைகாட்டியை வண்டிக்கு நாலைந்து அடி தள்ளி நின்று பாருங்கள், இரும்பு பக்கத்தில் இருந்தால் அது தப்பாகக் காட்டும்.

இன்னொரு குழப்பம். டிஷ்ஷின் முகம் 68 டிகிரியைப் பார்ப்பதாகக் கண்ணுக்குத் தெரியாது, 45 டிகிரிக்குப் பக்கத்தில்தான் தெரியும். நம் வீட்டு டிஷ் எல்லாம் ஒரு பெரிய கிண்ணத்தின் ஓரத்தில் வெட்டி எடுத்த துண்டு போன்றவை. டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிய கையில் இருந்து அலையை வாங்கும் எல்என்பி என்ற சின்னக் கருவி, நடுவில் நின்று வரும் அலையை மறைக்காதபடி கீழே தள்ளி நிற்கும், அதனால் பார்வை முகத்துக்கு இருபது டிகிரிக்கு மேல் கூடுதலாக நிமிர்ந்தே இருக்கும். பின்புறம் அளவுகோல் இருந்தால் அதை நம்புங்கள்.

எல்என்பியையும் திருக வேண்டும். அலை ஒரு குறிப்பிட்ட தளத்தில் அதிர்ந்து வருகிறது, நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதாலும் செயற்கைக்கோள் கிழக்கே தள்ளி இருப்பதாலும் அந்தத் தளம் நமக்கு வெகுவாகச் சாய்ந்து தெரியும். டெல்லியில் 27 டிகிரி திருகினால் போதும், குமுளியில் 60க்கு அருகில். படம் வந்தபிறகு மெதுவாகத் திருகி, டிவி திரையின் சிக்னல் பக்கத்தில் தெரியும் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்ற இரண்டு கோடுகளில் குவாலிட்டி அதிகம் காட்டும் இடத்தில் இறுக்குங்கள். ஸ்ட்ரெங்த் கோடு ஏறுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். 91.5, 95 டிகிரிகளிலும் செயற்கைக்கோள்கள் உண்டு, அந்தப் பக்கத்து வீட்டுச் செயற்கைக்கோளைப் பிடித்திருந்தாலும் ஸ்ட்ரெங்த் ஏறும், குவாலிட்டி பூஜ்யமாகவே கிடக்கும்.

எல்என்பி செய்யும் வேலை எளிது. 11,550 மெகாஹெர்ட்ஸில் வரும் அலை கேபிளில் போனால் வழியிலேயே கரைந்துவிடும், அதனால் அதில் இருந்து 9,750ஐக் கழித்து 1,800 ஆக்கி அனுப்புகிறது. அதற்கான மின்சாரமும் அதே கேபிளில் டிவி பக்கத்து செட்டாப் பாக்ஸில் இருந்துதான் மேலே போகிறது. 13 வோல்ட் போனால் செங்குத்து அலை, 18 வோல்ட் போனால் கிடைமட்ட அலை.

மழை? சாரலும் பனிமூட்டமும் ஒன்றும் செய்யாது, அவற்றின் துளிகள் மிகச் சிறியவை. ஜூன், ஜூலையில் கொட்டும்போது படம் உறையும். ஆனால் இங்கேயும் அந்த 68 உதவுகிறது. நிமிர்ந்து பார்க்கும் டிஷ் மழைப்படலத்தைக் குறுக்குவழியில் கடக்கிறது, 30 டிகிரியில் சாய்ந்து பார்ப்பதற்கு ஏறக்குறைய பாதி தூரம்தான்.

மின்சாரத்துக்கு இன்வெர்ட்டர் வேண்டாம். பெரும்பாலான பாக்ஸ்கள் 12 வோல்ட் அடாப்டரில்தான் ஓடுகின்றன, 12 வோல்ட் டிவியும் கிடைக்கிறது. டிவி 30 வாட், பாக்ஸ் 12 வாட் என்று வைத்தால் 3 மணி நேரத்துக்கு 126 வாட்-மணி, 12 வோல்ட், 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. நேரடியாக மட்டும் இணைக்காதீர்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி 14 வோல்ட்டைத் தாண்டும், நடுவில் 12 வோல்ட்டுக்கு நிலைப்படுத்தும் கன்வெர்ட்டர் ஒன்று அவசியம்.

ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகல் இடி மின்னல் இந்த மலையில் வழக்கம். முதல் இடி கேட்டதும் கேபிளைப் பாக்ஸில் இருந்து கழற்றி வண்டிக்கு வெளியே போட்டுவிடுங்கள். மழை விட்டதும் திரும்பச் செருகினால் போதும், முக்காலி அசையாத வரை டிஷ்ஷைத் தொட வேண்டியதில்லை.